6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொற்களைப் பழக்குவது எப்படி

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டும் பெற்றோர் பலர் மைட்டோகாண்ட்ரியா, சைட்டோபிளாசம் மாதிரியான சொற்களைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். அந்தச் சொற்களால் பெரிய ஆபத்து இல்லை. அது புதுச் சொல் என்று பிள்ளைக்கே தெரியும், அதனால் நின்று, எழுத்துக்கூட்டி, அர்த்தம் கேட்டுப் படித்துவிடும். பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழுவது எடை, வெப்பம், காரம், வேகம், பூச்சி, கனி போன்ற சொற்களில்தான். வீட்டில் தினமும் பேசுகிற சொல் என்பதால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை, ஆசிரியரும் தெரிந்திருக்கும் என்று தாண்டிப் போய்விடுவார், ஆனால் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பாதி சுலபமாகிவிடும்.

அதனால் சொல் பட்டியலை அ முதல் ன வரை எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிடுங்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போங்கள். வாரத்துக்கு ஐந்தாறு சொல் போதும்.

முதலில் தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பாடத்தைப் படிக்கும்போது பிள்ளையிடம் ஒரு பென்சில் கொடுத்து, "உனக்குத் தெரியாத சொல்லைக் கோடிடு" என்று சொல்வோம் இல்லையா, அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: "வீட்டில் நாம் பேசுகிற சொல் எதுவும் இங்கே இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போடு." வட்டம் போட்ட சொற்கள்தான் உங்கள் வேலை. கோடு போட்டவற்றைப் புத்தகமே விளக்கிவிடும்.

காரம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் காரம் என்றால் மிளகாய். வேதியியலில் காரம் என்றால் சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு நீர் போன்றவை சேர்ந்த ஒரு வகை, அமிலத்துக்கு எதிர்ப்பக்கம். மிளகாயில் எரிகிறதற்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள், அது நாக்கில் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. வேதியியல் காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரங்களின் சுவை கசப்பு, தொட்டால் வழுவழுப்பு (சுவைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் போதும்). இதை வாயால் சொல்லி விளங்க வைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. வெள்ளைத் துணியில் மஞ்சள்தூள் கறை பட்டு, சோப்புப் போட்டதும் அது சிவப்பாக மாறுவதைப் பிள்ளை ஏற்கனவே பார்த்திருக்கும். அங்கே மஞ்சள்தான் நிறங்காட்டி, சோப்புதான் காரம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பு வருவதும் இதே விஷயம்தான். அதே மஞ்சள் நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது, ஏனென்றால் அது அமிலம். சிவந்த நீரில் எலுமிச்சையை விடவிட மறுபடி மஞ்சளாகும், அதுதான் நடுநிலையாக்கல். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் கிடைத்தால் இன்னும் நல்லது, அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். பத்து நிமிட வேலைக்குள் அமிலம், காரம், நிறங்காட்டி, நடுநிலையாக்கல் என்று நான்கு சொல் பிடிபட்டுவிடும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கையாளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

அடுத்தது எடை. கடையில் "ரெண்டு கிலோ எடை போடுங்க" என்கிறோம். அறிவியலில் கிலோகிராம் என்பது நிறையின் அலகு. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது நிறை, அதைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை, அதன் அலகு நியூட்டன். 30 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பிள்ளையின் எடை பூமியில் சுமார் 294 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அங்கே எடை 49 நியூட்டன் அளவுக்குக் குறையும், நிறை அதே 30 கிலோகிராமாக இருக்கும். இரண்டு தட்டுத் தராசும் சுருள்வில் தராசும் ஏன் வேறுவேறு என்று இந்த இடத்தில் கேட்டால் நன்றாகப் புரியும்: தட்டுத் தராசு படிக்கல்லோடு ஒப்பிடுகிறது, அதனால் நிலவிலும் அதே விடைதான் வரும். சுருள்வில் இழுப்பைக் காட்டுகிறது, அதனால் நிலவில் குறையும். இதற்காகக் கடைப்பேச்சைத் திருத்தப் போக வேண்டாம். கடையில் எடை என்றே சொல்லட்டும், பரீட்சைத் தாளில் நிறை என்று எழுதத் தெரிந்தால் சரி.

உயிரியலிலும் இப்படி நிறைய உண்டு. எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொல்லும் சிலந்தி அறிவியல்படி பூச்சி கிடையாது, பூச்சிகளுக்கு ஆறு கால்தான். நட்சத்திர மீன் மீன் கிடையாது. தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் தாவரவியலில் கனிகள், பூவின் சூலகத்திலிருந்து வளர்ந்தவை, உள்ளே விதை இருப்பவை. உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் இரண்டுமே கிழங்கு என்று வாங்கி வருகிறோம், ஆனால் உருளை தண்டு, சர்க்கரைவள்ளி வேர். உருளையில் இருக்கும் கண்களிலிருந்து முளை வருவதைக் காட்டினால் அது ஏன் தண்டு என்று விளங்கும், அந்தக் கண்கள் தண்டின் கணுக்களில் இருக்கும் மொட்டுகள். காய்கறிப் பையைக் கொட்டி, எது வேர், எது தண்டு, எது இலை, எது கனி என்று பிரிக்கச் சொல்லுங்கள். வெங்காயத்தில் கொஞ்சம் சண்டை வரும், வரட்டும், நெடுக்காக வெட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் சிறு தட்டுதான் தண்டு, நாம் சாப்பிடுவது சதைப்பற்றான இலைகள்.

அப்புறம் ஜோடிகள்

தனிச் சொல்லாகப் படித்தால் மறந்துவிடும். எதிலிருந்து வேறுபடுகிறது என்று சேர்த்துப் படித்தால் நிற்கும். தேர்விலும் "வேறுபடுத்துக" என்றுதானே கேட்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு பத்தி அட்டவணையை நெட்டுருப் போடுவதில் பயன் இல்லை, இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சி கையில் வேண்டும்.

வெப்பம், வெப்பநிலை: இது மிகவும் முக்கியமான ஜோடி. "இன்னைக்கு வெப்பம் 38 டிகிரி" என்று நாமே பேசுகிறோம். 38 டிகிரி என்பது வெப்பநிலை, எவ்வளவு சூடு என்று காட்டும் அளவு. வெப்பம் என்பது ஆற்றல், சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போவது, அதை ஜூலில் அளக்கிறோம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரை, அதாவது 200 மில்லியை, 100 டிகிரி வரை சூடாக்குங்கள். அதே 30 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்கு மட்டும் சூடாக்குங்கள். வெப்பநிலை அதிகம் டம்ளரில்தான். ஆனால் வாளிக்குக் கொடுத்த வெப்பம் டம்ளருக்குக் கொடுத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், அடுப்பு எரிந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைக்குப் பெருக்கல் வரும் என்றால் 0.2 × 70, 15 × 10 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 14-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆவியாதல், கொதித்தல்: கொடியில் காயும் துணியிலிருந்து நீர் போவது ஆவியாதல், எந்த வெப்பநிலையிலும் நடக்கும், மேற்பரப்பில் மட்டும் நடக்கும். கொதித்தல் முழு நீரிலும் குமிழ் விட்டு, குறிப்பிட்ட வெப்பநிலையில் நடக்கும். அந்தக் குறிப்பிட்ட வெப்பநிலை எல்லா ஊரிலும் 100 டிகிரிதானா என்று கேட்கும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கடல் மட்டத்தில் 100, ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் மலையில் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் ஆகிறது. குக்கரில் நேர்மாறு, அழுத்தம் கூடி, கொதிநிலை 120 டிகிரி பக்கம் போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஆவியாதலுக்கு நல்ல உதாரணம், பானையின் நுண்துளை வழியாகக் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இட்லிக் குண்டான் மூடியின் உட்புறம் சொட்டும் நீர் ஆவி சுருங்குதல். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: கொதிக்கும் பாத்திரத்தின் மேலே வெண்மையாகத் தெரிகிறதே, அதை நாம் ஆவி என்கிறோம், உண்மையில் அது மிகச் சிறிய நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது.

உருகுதல், கரைதல் விஷயத்தில் நம் பேச்சுத் தமிழே துணைக்கு வரும். வெண்ணெய் உருகுகிறது, உப்பு கரைகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையும் சரியாகச் சொல்லும், யாரும் மாற்றிச் சொல்வதில்லை. அதைச் சுட்டிக்காட்டி, உருக ஒரே பொருளும் வெப்பமும் போதும், கரைய இரண்டு பொருள் வேண்டும் என்று சொன்னால் கரைபொருள், கரைப்பான், கரைசல் மூன்றும் தானாக வந்துவிடும்.

பதங்கமாதலுக்குக் கற்பூரத்தைத் திறந்து வைத்துச் சில நாள் கழித்துப் பாருங்கள், சுருங்கியிருக்கும், ஈரம் இருக்காது. திண்மம் நீர்மமாகாமல் நேரே வாயுவாகிவிட்டது. கற்பூரத்தைக் கொளுத்துவது வேறு, அது எரிதல், வேதியியல் மாற்றம். இந்த இரண்டையும் குழப்பி எழுதும் பிள்ளைகள் அதிகம்.

தொலைவு, இடப்பெயர்ச்சிக்குக் கோயில் பிரகாரம் போதும். கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்தால் தொலைவு 200 மீட்டராக இருக்கலாம், இடப்பெயர்ச்சி 0. வேகம் தொலைவைப் பார்க்கிறது, திசைவேகம் இடப்பெயர்ச்சியைப் பார்க்கிறது.

மூச்சுவிடுதல், சுவாசித்தல் ஜோடியைப் பலர் கவனிப்பதே இல்லை. காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவது மூச்சுவிடுதல். செல்லுக்குள் உணவு உடைந்து ஆற்றல் வெளிவருவது சுவாசித்தல். தாவரம் மூச்சு இழுத்து விடுவதில்லை, ஆனால் பகலிலும் இரவிலும் சுவாசிக்கிறது. ஒளிச்சேர்க்கைதான் ஒளி இருக்கும்போது மட்டும்.

தனிமம், சேர்மம், கலவைக்கு உப்பைவிட நல்ல உதாரணம் இல்லை. சோடியம் தண்ணீர் பட்டாலே வெடித்துச் சீறும் உலோகம், குளோரின் நச்சு வாயு, இரண்டும் வேதியியல் முறையில் சேர்ந்தால் நாம் சாப்பிடும் உப்பு. சேர்மத்தில் பழைய குணம் இருக்காது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் கலவை, காய்ச்சினால் உப்பு திரும்பக் கிடைக்கும்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இது, பலர் பயன்படுத்துவதே இல்லை. கணுக்காலி என்றால் கணுக்கணுவாகக் கால் உள்ளது, கரும்பைப் பார்த்த பிள்ளைக்குக் கணு தெரியும். மெல்லுடலி நத்தை, முட்தோலி நட்சத்திர மீன், இருவாழ்வி தவளை. சொல்லே வரையறை. தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி, ஒட்டுண்ணி எல்லாம் ஒரே குடும்பம், உண்ணி என்றால் உண்பது என்று ஒருமுறை சொன்னால் போதும். மானி என்று முடிந்தால் அளக்கும் கருவி: வெப்பநிலைமானி, காற்றழுத்தமானி, மழைமானி, பால் சங்கத்தில் இருக்கும் பால்மானி. கணிகம் என்றால் தாவர செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பு: பச்சையாக இருந்தால் பசுங்கணிகம், நிறமற்றது வெளிர்கணிகம், பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தருவது வண்ணக்கணிகம். இடப்பெயர்ச்சி என்ற சொல்லுக்குக் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று வீட்டில் பேசுவதை நினைவுபடுத்தினாலே பெயர்ச்சி என்றால் இடம் மாறுவது என்று புரிந்துவிடும்.

புதுச் சொல் வந்ததும் உடனே பொருள் சொல்லிவிடாமல், "இதைப் பிரி, என்னவாக இருக்கும், ஊகித்துச் சொல்" என்று கேளுங்கள். நீராவிப்போக்கு, ஒளிவிலகல், மின்கடத்தி எல்லாமே ஊகிக்கக் கூடியவை. சில சொல் ஏமாற்றும் என்பதையும் சொல்லி வையுங்கள். ஒளியாண்டில் ஆண்டு இருக்கிறது, ஆனால் அது தொலைவு, ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆக்சிஜன், குரோமோசோம் மாதிரி வந்த சொற்களைப் பிரிக்க முயல வேண்டாம், எழுதிப் பழகினால் போதும். தனிமங்களின் குறியீட்டில் மட்டும் ஒரு தகவல் உதவும்: சோடியம், இரும்பு, தங்கம் இவற்றின் குறியீடுகள் நேட்ரியம், ஃபெர்ரம், ஆரம் என்ற லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை, அதனால்தான் ஆங்கிலப் பெயரோடு பொருந்துவதில்லை.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். பொருளைப் பிள்ளை தன் வாக்கியத்தில் எழுதட்டும், புத்தக வாக்கியம் வேண்டாம். அளவு என்றால் அலகும், அளக்கும் கருவியும். வீட்டில் பார்த்த ஓர் உதாரணம். கடைசியாக, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தச் சொல்லுக்குப் பொருந்தாத, ஆனால் பொருந்துவது போலத் தெரியும் ஒன்று. பூச்சி என்ற பக்கத்தில் சிலந்தி, பதங்கமாதல் பக்கத்தில் எரியும் கற்பூரம், மீன் பக்கத்தில் திமிங்கலம். பொருந்தாத உதாரணத்தை எழுதத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு அந்தச் சொல் வந்துவிட்டது என்று அர்த்தம். படம் வரையும் பிள்ளை என்றால் வரையட்டும், கையெழுத்தைப் பற்றி இந்த நோட்டில் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்.

மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் மனதில் தங்கும்.

இணையத்தில் தேடும்போது கவனம்

தமிழில் அறிவியல் பாடம் என்று தேடினால் இலங்கைப் பாடங்களும் வரும், நல்ல பாடங்கள், ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே செல் என்பது கலம், திசு என்பது இழையம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் ஒட்சிசன், தனிமம் மூலகம், ஆற்றல் சக்தி, முடுக்கம் ஆர்முடுகல். இவை பரவாயில்லை, வேறு சொல் என்று பார்த்தவுடன் தெரியும். தெரியாமல் சிக்க வைப்பது இரண்டு. தமிழ்நாட்டில் நிறை என்று படிப்பது இலங்கையில் திணிவு, தமிழ்நாட்டில் எடை என்பதுதான் அங்கே நிறை. அதேபோல இங்கே திசைவேகம் அங்கே வேகம், இங்கே வேகம் அங்கே கதி. ஒரே சொல், வேறு பொருள். இலங்கைப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்க்கும்போதும் இதே சிக்கல்தான். காணொளி போடுவதற்கு முன் எந்த நாட்டுப் பாடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களை எதிரெதிரே எழுதி வைத்தால் இரண்டு பக்கத்துப் பாடங்களையும் பயன்படுத்தலாம்.

தாத்தா பாட்டியிடம் கேட்டால் பௌதிகம், ரசாயனம், பிராணவாயு, கரியமில வாயு என்று சொல்வார்கள். அவர்கள் படித்த காலத்துச் சொற்கள் அவை, தவறு எதுவும் இல்லை, இயற்பியல், வேதியியல், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு என்று மாற்றிப் புரிந்துகொண்டால் அவர்களும் பாடம் சொல்லித் தரலாம். தமிழில் கலைச்சொல் ஆக்கும் வேலை நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துவருகிறது, 1916-லேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கி இதழ் நடத்தினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை சொல் மாறியதில் வியப்பில்லை.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன ஜோடிகளே போதும், மாஸ், வெயிட், ஹீட், டெம்பரேச்சர் என்று சொல் மட்டும் மாறும். தமிழ்நாடு அரசுப் பாடநூல் இரண்டு வழியிலும் கிடைக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பத்தியைப் படிப்பதைவிட நல்ல அகராதி இல்லை. பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறப்போகும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே இதைச் செய்யுங்கள். கருத்து தமிழில் தெளிவாக இருந்தால் சொல்லை மாற்றிக்கொள்ளச் சில மாதம் போதும். கருத்து இல்லாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டித் தெரிந்துவைத்திருப்பதுதான் பின்னால் கஷ்டம்.

வந்துவிட்டதா என்று பார்ப்பது

வரையறை கேட்காதீர்கள், அது ஒப்பிப்பதில் முடியும். பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வெளியே ஈரம் எங்கிருந்து வந்தது? காய்ச்சலுக்கு வைக்கும் கருவி வெப்பத்தை அளக்கிறதா, வெப்பநிலையை அளக்கிறதா? சாம்பார் சேர்மமா, கலவையா? பால் தயிரானது எந்த வகை மாற்றம், திரும்பப் பாலாக்க முடியுமா? லிஃப்டில் மேலே போய்க் கீழே அதே இடத்துக்கு வந்தால் இடப்பெயர்ச்சி எவ்வளவு? பிள்ளை சரியான சொல்லைச் சொல்லி, ஏன் என்று ஒரு வாக்கியமும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போகலாம். சொல் சரி, காரணம் வரவில்லை என்றால் மறுபடி விளக்கம் சொல்லாமல், அடுப்பங்கரைக்கோ தோட்டத்துக்கோ கூட்டிப்போய் அதே பொருளை வைத்து இன்னொருமுறை செய்து பாருங்கள்.